நாவின் முடிச்சு

இருபது ஆண்டுகளுக்கு முன்பு, ஏற்காடு மலையில் வாழவந்தி என்னும் ஊரில் நடைபெற்ற ஒரு நிக்காஹ் மஜ்லிஸில் நான் பேச எழுந்து, பேசாமலே அமர்ந்தேன். அந்நிகழ்ச்சியை இதுவரை எவரிடமும் விரிவாகக் கூறியதில்லை. அண்மையில் ஒரு சிறுமியின் பொருட்டு அதைக் கூற நேர்ந்தது. கூறிய பிறகு, நம் இல்லங்களில் வேறு பலருக்கும் இது பயன்படக்கூடும் என்று தோன்றியதால் இங்கு எழுதுகிறேன்.

அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. சேலத்தில் தமிழ் இலக்கியம் படித்துப் பட்டம் பெற்று, மார்க்கக் கல்வியும் பயின்று, மலையடிவாரத்தில் ஒரு மதரஸாவில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தேன். திருக்குறளில் 73ஆவது அதிகாரத்தின் பெயர் அவையஞ்சாமை. கல்லூரித் தேர்வில் அந்த அதிகாரத்தைப் பற்றிய வினாவுக்குப் பக்கம் பக்கமாக விடை எழுதியவன் நான். சபைக்கு அஞ்சுகிறவன் கற்ற நூல், போர்க்களத்தில் கோழையின் கையிலுள்ள வாளைப் போன்றது என்று வள்ளுவர் கூறும் உவமையை அழகாக விளக்கியிருந்தேன். அந்த வாள் என் கையில்தான் இருக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது.

வாழவந்தி நிக்காஹுக்குச் செல்ல வேண்டிய மூத்த ஹஜரத் அவர்களுக்கு உடல்நலம் குன்றியது. "நீங்கள் போய் வாருங்கள், குத்பா ஓதி, பத்து நிமிடம் நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்" என்று என்னை அனுப்பினார்கள். பத்து நிமிடப் பேச்சுக்கு நான் மூன்று இரவுகள் விழித்துப் பதினைந்து பக்கம் எழுதினேன். எதுகையும் மோனையும் குறையாத அடுக்குமொழி. அக்காலத்தில் நான் வியந்து கேட்ட ஒரு பேச்சாளரின் குரலையும் கையசைவையும்கூடக் கண்ணாடி முன் நின்று பழகிக்கொண்டேன்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் என் பேச்சின் ஒவ்வொரு பத்தியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஏற்காட்டில் இறங்கி, ஜீப்பில் வாழவந்திக்குச் சென்றேன். காப்பிப் பழம் பறிக்கும் பருவம் அது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்த தோட்டங்களின் நடுவே, பனி மூடிய பாதையில் வண்டி ஊர்ந்தது. குளிரால்தான் என் கைகள் நடுங்குகின்றன என்று எண்ணிக்கொண்டேன்.

வீட்டு முற்றத்தில் பந்தல். அறுபது எழுபது பேர் இருப்பார்கள். தோட்டத் தொழிலாளர்கள், வண்டி ஓட்டுநர்கள், சிறு கடைக்காரர்கள், அண்டை வீடுகளிலிருந்து வந்திருந்த மலைவாழ் மக்கள் சிலர். பெண்கள் திரைக்கு அப்பால் அமர்ந்திருந்தார்கள். அரபியில் நிக்காஹ் குத்பாவை ஓதினேன், தடையில்லை. ஈஜாப் கபூல் நிறைவேறியது. பிறகு தமிழில் பேசத் தொடங்கினேன். முதல் வாக்கியம் வந்தது. இரண்டாம் வாக்கியம் வரவில்லை.

அந்த நிலையை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காதுக்குள் இதயத்தின் ஓசை கேட்டது. எதிரில் இருந்த முகங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கின. பதினைந்து பக்கங்களும் என் பையில் இருந்தன. பையோ திண்ணையில் இருந்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு முதியவர், "நாயகத்தின் மீது ஸலவாத்துச் சொல்லுங்கள்" என்றார். சபை முழுவதும் ஒரே குரலாய் ஸலவாத் ஓதியது. நம் மஜ்லிஸ்களில் பேசுபவர் சற்றுத் தடுமாறினால் இப்படி ஓதுவது வழக்கம். அதில் நன்மையும் கிடைக்கிறது. பேசுபவருக்கு மூச்சு வாங்க நேரமும் கிடைக்கிறது. நானும் மூச்சு வாங்கினேன். ஆனால் இரண்டாம் வாக்கியம் அப்போதும் வரவில்லை. பெரியவர் மீண்டும் ஒருமுறை ஸலவாத் சொல்லச் செய்தார். நான் இரு கைகளையும் ஏந்தி, மணமக்களுக்காகத் துஆச் செய்துவிட்டு அமர்ந்துவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பின் அப்பெரியவர் என்னைத் தேடி வந்தார். காப்பித் தோட்டத்தில் நெடுங்காலம் மேஸ்திரியாக இருந்தவர். பள்ளிக்கூடம் அதிகம் அறியாதவர். "தம்பி, வாழவந்தின்னு ஊருக்குப் பேரு. இங்கே வந்து சாகப் போகிறவர் மாதிரி நின்னீங்களே" என்றார். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒருசேர வந்தன. பிறகு அவரே, "இங்கே ஆறு பிள்ளைகள் ஓதத் தெரியாமல் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவீர்களா?" என்று கேட்டார். இனி எந்தச் சபையிலும் வாய் திறப்பதில்லை என்று அன்று காலையில்தான் உறுதி கொண்டிருந்தேன். ஆனால் ஆறு பிள்ளைகளைச் சபை என்று யார் சொல்வார்கள்? வருவதாக ஒப்புக்கொண்டேன்.

ஞாயிறு தோறும் மலையேறினேன். தரையில் பாய் விரித்து, பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி, அலிஃப் பா சொல்லிக் கொடுத்தேன். ஓதி முடித்ததும் ஒரு நபியின் வரலாற்றைக் கதையாகச் சொல்வேன். பிள்ளைகளிடம் அடுக்குமொழி செல்லாது. புரியாவிட்டால், "என்ன ஹஜரத்?" என்று உடனே கேட்டுவிடுவார்கள். நானும் வேறு சொல்லில் திருப்பிச் சொல்வேன். சில வாரங்கள் கழித்து, பிள்ளைகளை அழைத்துப் போக வந்த தந்தைமார் பின்னால் அமர்ந்து கேட்கலாயினர். கதவுக்கு அப்பால் தாய்மார்களும் அமர்ந்தனர். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், கதை முடித்து நிமிர்ந்து பார்த்தபோது இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். அரைமணி நேரம் நான் அவர்களிடம் பேசியிருந்தேன். அஞ்ச வேண்டும் என்பதே எனக்கு நினைவில்லை.

அன்று நான் சொல்லிக்கொண்டிருந்தது மூஸா (அலை) அவர்களின் வரலாறு. ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு இறைவன் கட்டளையிட்டபோது, அந்த மாபெரும் நபி தம் நெஞ்சை விரிவாக்குமாறும், தம் பணியை எளிதாக்குமாறும், தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறும் வேண்டினார்கள். தாஹா என்னும் சூராவில் வரும் இந்த துஆவைப் பாடம் தொடங்குமுன் நம் பிள்ளைகள் தினமும் ஓதுகிறார்கள். நானும் சிறுவயது முதல் ஓதியவன்தான். ஆயினும் அதில் ஒன்றை அன்றிரவு மலையிறங்கும் பேருந்தில்தான் கவனித்தேன். முடிச்சு அவிழ வேண்டும் என்பதற்கு மூஸா (அலை) கூறிய காரணம், மக்கள் தம் சொல்லை விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே. தம்மைச் சிறந்த நாவலர் என்று பிறர் புகழ வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. அதோடு, தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குத் தருமாறும் கேட்டார்கள். தம் அச்சத்தை அவர்கள் மறைக்கவுமில்லை. அச்சம் இருக்கிறதே என்று செல்லாமலும் இருந்துவிடவில்லை.

நிக்காஹ் பந்தலில் நான் ஏன் வீழ்ந்தேன் என்பது அப்போது விளங்கிற்று. அந்த மணமக்களைப் பற்றி நான் மூன்று இரவுகளில் ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. என்னைப் பற்றியே நினைத்திருந்தேன். எப்படி நிற்பேன், எப்படிக் குரல் எழுப்புவேன், என்னை எப்படி மெச்சுவார்கள் என்பதே என் சிந்தனை. ஒரு சொல் நழுவியதும் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. பிள்ளைகளிடமோ, அவர்களுக்கு விளங்குகிறதா என்பது ஒன்றே என் கவலையாக இருந்தது.

இதே பாதையில் சென்ற ஒருவரை வாசகர்கள் நன்கு அறிவார்கள். காந்தியடிகள் 1888 முதல் 1891 வரை இங்கிலாந்தில் சட்டம் படித்தபோது, அங்கிருந்த சைவ உணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினராக இருந்தார். கூட்டங்களில் வாய் திறக்கவே அவருக்குக் கூச்சம். வெண்ட்னர் என்ற ஊரில் ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு தாளில் அடங்கும் பேச்சை எழுதிச் சென்றும், எழுந்து நின்றதும் கண் மங்கி உடல் நடுங்கி, அதைப் படிக்க இயலாமல் உடன் சென்ற நண்பரைக்கொண்டு படிக்கச் செய்தார். நாடு திரும்பிய பின், பம்பாயின் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முப்பது ரூபாய்க் கட்டணத்துக்கு எடுத்துக்கொண்ட முதல் வழக்கில், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது; ஒரு கேள்வியும் வரவில்லை. வழக்கைக் கைவிட்டு வெளியேறினார். இவற்றையெல்லாம் அவரே சத்திய சோதனையில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

அத்தகையவர் 1893ஆம் ஆண்டு, தாதா அப்துல்லா கம்பெனியாரின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அங்கே பிரிட்டோரியா நகரில், ஹாஜி முஹம்மது ஹாஜி ஜூஸப் சேட் அவர்களின் இல்லத்தில் இந்தியர்களின் கூட்டம் ஒன்று கூடியது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் மேமன் முஸ்லிம் வணிகர்கள். அங்கே அவர் ஆற்றிய உரையையே தம் வாழ்வின் முதல் பொதுப் பேச்சு என்று காந்தியடிகள் குறிப்பிடுகிறார். பேசிய பொருள் வணிகத்தில் உண்மையைக் கடைப்பிடித்தல். அங்குள்ள இந்தியர்கள் படும் இன்னல்களை எடுத்துரைக்க ஒரு சங்கம் வேண்டும் என்றும் கூறினார். ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குத் தாமே கற்பிப்பதாகவும் சொன்னார். மூன்று பேர் முன்வந்தனர். ஒருவர் முடிதிருத்துபவர், ஒருவர் எழுத்தர், இவ்விருவரும் முஸ்லிம்கள். மூன்றாமவர் இந்துவான ஒரு சிறு கடைக்காரர்.

இலண்டனில் எழாத நா பிரிட்டோரியாவில் எழுந்தது எப்படி என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். எதிரில் இருந்தவர்களின் துன்பம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர்களிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று அவரிடம் இருந்தது. பேசும் பொருளையும் அவர் நன்கு ஆயத்தம் செய்துகொண்டு சென்றிருந்தார். தம் கூச்சத்தைப் பற்றியும் அவர் வருந்தவில்லை. சொற்களை அளந்து பேசும் பழக்கத்தை அது தமக்குத் தந்தது என்று பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார்.

ஞாயிறு வகுப்பு தொடங்கி நான்கு ஆண்டுகள் கழித்து அந்த மேஸ்திரிப் பெரியவர் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாத் தொழுகைக்கு முன் நாலு வார்த்தை பேசுமாறு குடும்பத்தார் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அதே முற்றம். பந்தலில் இருந்தவர்களைவிட மும்மடங்கு மக்கள். என் கையில் ஒரு தாளும் இல்லை. இவருக்கு யாரேனும் கடன் கொடுத்திருந்தால் இவருடைய மக்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், இவரால் யார் மனமாவது புண்பட்டிருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துவிடுங்கள் என்று கூறினேன். பிறகு, இவர் ஒருமுறை ஒரு வாலிபனின் மானத்தைக் காத்தார், அந்த வாலிபன் நான்தான் என்று மட்டும் சொன்னேன். குரல் தழுதழுத்தது, இரண்டு முறை நின்றது. அதை ஒரு குறையாக எவரும் கருதவில்லை. நானும் கருதவில்லை.

ஆயினும் சகோதர சகோதரிகளே, அச்சம் அன்றோடு ஒழிந்தது என்று நான் எழுதினால் அது பொய்யாகும். இன்றும் ஜும்ஆ மேடையில் ஏறும்போது உள்ளங்கை வியர்க்கிறது. உடலின் இயல்பு அது. ஏற்காட்டுத் தோட்டப் பாதைகளில் சில வேளை காட்டெருமை எதிர்ப்படும். அதைக் கண்டதும் அட்ரீனலின் என்னும் சுரப்பு இரத்தத்தில் கலந்து இதயம் விரைந்து துடிக்கிறது, வாய் உலர்கிறது, கை நடுங்குகிறது. ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. நூறு கண்கள் நம்மை நோக்கும்போதும் உடல் அதையே செய்கிறது. பேசத் தொடங்கிச் சில நிமிடங்களில் பெரும்பாலும் அது தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களைக் கடப்பதற்கே வழி தேட வேண்டும்.

நான் கையாளும் வழிகள் எளியவை. எழுந்தவுடன் பேசத் தொடங்காமல், மூச்சை மெதுவாக முழுவதும் வெளியே விட்டு, பின் நிதானமாக பிஸ்மி சொல்கிறேன். முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனனம் செய்கிறேன். மற்றவற்றை மனனம் செய்வதில்லை. சொல்ல வேண்டிய மூன்று கருத்துகளை ஒரு சிறு துண்டுத்தாளில் எழுதிக் கையிலேயே வைத்துக்கொள்கிறேன், பையில் அன்று. சபையில் பழகிய முகம் ஒன்றைக் கண்டுபிடித்து அவரிடம் பேசுவதுபோல் தொடங்குகிறேன். சொல் மறந்தால் பதறாமல் நின்று, முன் சொன்னதையே மெதுவாகத் திருப்பிச் சொல்கிறேன். இது தவறன்று. கேட்பவர்கள் நன்கு விளங்கிக்கொள்ள நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சொல்லை மூன்று முறை திருப்பிச் சொல்வார்கள் என்றும், அன்னாரின் சொற்களை ஒருவர் எண்ண நினைத்தால் எண்ணிவிடலாம் என்னும் அளவுக்கு நிதானமாகப் பேசுவார்கள் என்றும் ஹதீஸ்களில் காண்கிறோம். குத்பாவைச் சுருக்குவது ஒருவருடைய மார்க்க அறிவின் அடையாளம் என்றும் அவர்கள் கூறியிருக்கிறார்கள். அஞ்சுகிறவனுக்கு இதைவிட ஆறுதல் வேறென்ன வேண்டும்?

இனி, அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்கிறேன். வாழவந்தியில் என் ஞாயிறு வகுப்பு அல்லாஹ்வின் கிருபையால் இன்றும் நடைபெறுகிறது. பிள்ளைகளுக்காக ஒரு சிறு விழா வைத்தோம். பதினோரு வயதுப் பெண் குழந்தை ஒருத்தி, தாய்மையின் சிறப்பைப் பற்றிப் பேச எழுந்தாள். ஒலிபெருக்கியில் தன் குரலையே பெரிதாகக் கேட்டதும் திகைத்து நின்றுவிட்டாள். பையன்கள் இருவர் சிரித்தார்கள். நான் உடனே ஸலவாத் சொல்லச் செய்தேன். இரண்டு வாக்கியம் பேசிவிட்டு அழுதுகொண்டே இறங்கினாள். விழா முடிந்ததும் அவள் தாயார் வந்து, "இனிமேல் இவளை மேடையில் ஏற்ற வேண்டாம் ஹஜரத், பிள்ளைக்கு இது வராது" என்றார். அத்தா ஒன்றும் பேசாமல் நின்றார். சிறுமி தன் துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

'இது வராது' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அந்தப் பந்தல் நினைவுக்கு வந்தது. அன்று என்னைப் பற்றி அந்தப் பெரியவர் அப்படி முடிவு கட்டியிருந்தால் என் நிலை என்னவாகியிருக்கும்? மூவரையும் அமர வைத்து, இதோ உங்களுக்கு எழுதிய அனைத்தையும் கூறினேன். சிறுமி வியப்போடு, "நீங்களா ஹஜரத்?" என்று கேட்டாள். அவள் முகம் தெளிந்தது அப்போதுதான்.

அவள் பேசிய பேச்சை எழுதிக் கொடுத்தவன் நானே என்பதையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். என் பதினைந்து பக்கத் தவற்றை நான் அவள் தலையில் ஏற்றியிருந்தேன். அடுத்த ஞாயிறு அவளிடம், "உன் அம்மா காலையில் எழுந்தது முதல் என்னென்ன வேலை செய்கிறார்? அதை எனக்குச் சொல்" என்றேன். ஐந்து மணிக்கு எழுவதிலிருந்து, தோட்டத்து வேலைக்குச் சென்று திரும்பி, இரவு எல்லோரும் உண்ட பின் தனியே அமர்ந்து உண்பது வரை தங்குதடையின்றிச் சொன்னாள். "இதுதான் உன் பேச்சு" என்றேன். அதற்கடுத்த வாரம் தோழியர் மூவரிடம் சொன்னாள். பின்பு வகுப்பு முழுவதற்கும் சொன்னாள். ஓரிடத்தில் தடைப்பட்டாள். நான் வாய் திறக்குமுன், அன்று சிரித்த பையன்களில் ஒருவன், "ஸலவாத்துச் சொல்லுங்க" என்றான். வகுப்பே ஓதியது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொல்லி முடித்தாள். கதவுக்கு அப்பால் அவள் தாயார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் பேசும்போது வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பதும், "வாயை மூடு, பெரியவர்கள் பேசுகிறோம்" என்று அடக்குவதும் நம்மிடையே மிகுதி. பிறகு அப்பிள்ளை வகுப்பில் ஐயம் கேட்க அஞ்சுகிறது. நேர்முகத் தேர்வில் தலைகுனிகிறது. மாமியார் வீட்டில் தன் நியாயத்தைச் சொல்ல முடியாமல் விழுங்கிக்கொள்கிறது. மேடை ஏறுவோர் சிலரே. ஆனால் நாலு பேர் முன் தன் தேவையை எடுத்துச் சொல்ல வேண்டிய நேரம் எல்லோருக்கும் வரும். இரவு உணவின்போது நாள்தோறும் ஒரு பிள்ளை, அன்று கண்டதையோ கேட்டதையோ ஐந்து நிமிடம் சொல்லட்டும். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்கட்டும். தடுமாறினால் சிரிக்காமல் ஸலவாத் சொல்லுங்கள். அந்த ஸஃப்ராதான் அப்பிள்ளையின் முதல் சபை.

இன்ஷா அல்லாஹ், வருகிற ஞாயிறும் நான் மலையேறுவேன். அந்தச் சிறுமி இம்முறை தன் தாதியைப் பற்றிப் பேசப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். யா அல்லாஹ், எங்கள் நெஞ்சங்களை விரிவாக்குவாயாக! எங்கள் பிள்ளைகளின் நாவிலுள்ள முடிச்சுகளை அவிழ்ப்பாயாக! அவர்கள் பேசும்போது பொறுமையோடு கேட்கும் காதுகளை எங்களுக்கும் தருவாயாக! ஆமீன்.